நாலாவது தந்தி

ஜூன் 3, செவ்வாய்

யுகுலேலேயில் ஒரு தந்தி அறுந்துவிட்டது. நான் அறுக்கவில்லை. தூசி தட்டிக்கொண்டிருந்தேன், அதுவாக அறுந்தது.

யுகுலேலே என்பது கிட்டார் சீக்கில் விழுந்து இளைத்தது போன்ற ஒரு வாத்தியம். நாலே நாலு நைலான் தந்தி. இது மிருதுளாவுடையது. மிருதுளா என் மருமகள், அதாவது போன மாதம் கோர்ட்டில் நீதிபதி அம்மாள் கையெழுத்துப் போடும் வரை. இப்போது அவள் எனக்கு என்ன முறை என்று யாரைக் கேட்பது? முன்னாள் எம்.எல்.ஏ. என்றால் பென்ஷனாவது வரும். முன்னாள் மாமியாருக்கு என்ன வரும்?

என் மகன் நவநீதன் இரண்டு வருடத்துக்கு முன் டப்ளினில் வேலை என்று அவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புக்கொண்டு, வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். அவள் காது பரிசோதிக்கிற படிப்புப் படித்தவள். பீளமேட்டில் அப்போதுதான் சொந்தமாகச் சின்னதாக ஒரு கிளினிக் திறந்திருந்தாள். அதை மூடிவிட்டு வரமாட்டேன் என்றாள். லட்டு தீர்வதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. அவன் போனான். அப்புறம் இருவரும் போனில் சண்டை போட்டார்கள், போனில் சமாதானம் ஆனார்கள், கடைசியில் போனிலேயே பிரிந்தார்கள். அத்தனை நாளும் அவள் எங்களோடு மாடி அறையில்தான் இருந்தாள். நாலு மாதம் முன்புதான், "இனிமேலும் இங்க இருந்தா நல்லா இருக்காதுங்கத்தை" என்று கிளினிக் பக்கமாகவே வீடு பார்த்துக்கொண்டு போனாள்.

மீதிச் சாமானை எடுக்க வருகிற பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். கொஞ்சம் புத்தகம், ஒரு மிக்ஸி, இந்த யுகுலேலே. அதோடு இந்த வீட்டில் அவளுக்கு வேலை முடிந்தது.

அறுந்த தந்தியோடு கொடுத்தால் என்ன நினைப்பாள்? புதுசு போட்டுவிட வேண்டியதுதான். நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகவே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். வயலினுக்குத் தந்தி மாற்றி மாற்றி விரல் காய்த்துப் போனவள். இது ஒரு பொம்மை. காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

ஜூன் 4, புதன்

கிராஸ்கட் ரோட்டில் ஒரு வாத்தியக் கடை. கல்லாவில் இருந்தவர் முதலில் எனக்கு ஒரு கீபோர்டு விற்கப் பார்த்தார். பிறகு ஒரு தபலா. ஒரே ஒரு தந்தி போதும் என்றேன்.

"செட்டாத்தானுங் வரும். தனித்தனியா வராதுங்" என்றார். "பேரனுக்குங்களா?"

"எனக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மூட்டு வலிக்கு நல்லது என்பது போலத் தலையாட்டினார்.

வரும் வழியில் தூறல். மேற்கே மலை தெரியவில்லை. கீரை வாங்க மறந்துவிட்டேன். அவர் ராத்திரிச் சாப்பாட்டில் கீரை இல்லாததைக் கவனித்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர், நாச்சிமுத்து. மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தம். மிருதுளாதான் பரிசோதித்து மெஷின் வைத்துவிட்டாள். அவள் இருந்தவரை மெஷின் எப்போதும் காதில் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது நான் வாயைத் திறந்தால் அதை அணைக்க விரல் காதுக்குப் போகிறது.

ஜூன் 5, வியாழன்

பழைய தந்திகளைக் கழற்றியாயிற்று. அவர் அவற்றைக் கொண்டுபோய் மொட்டை மாடியில் தக்காளிச் செடிக்குக் கட்டிவிட்டார். கேட்கவில்லை, சொல்லவில்லை.

புதுப் பாக்கெட்டைப் பிரித்தேன். உள்ளே நாலு உறை, ஒன்று இரண்டு என்று எண் போட்டு. முதல் உறையில் மெலிசு. இரண்டாவதில் அதைவிடத் தடிப்பு. மூன்றாவதில் இன்னும் தடிப்பு. நாலாவதில்? மறுபடியும் மெலிசு!

எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த நாட்டிலோ எவனோ மாற்றி அடைத்திருக்கிறான். ஆனால் பாக்கெட்டைப் பார்த்ததும்தான் ஒரு பழைய வழக்கு விளங்கியது.

மிருதுளா கல்யாணமாகி வந்த முதல் வாரமே சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து இதை வாசித்தாள். ஒரே பாட்டு, தினமும், அதே இடத்தில் தப்பு. நான் அடுப்படியிலிருந்தே கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாவது தந்தி ஸட்ஜம் என்றால், அதற்கு மேலே முகத்துப் பக்கமாக இருக்கும் நாலாவது தந்தி கீழ்ப் பஞ்சமமாக இருக்க வேண்டும். தடித்த தந்தி, கனத்த சத்தம். வயலினில் அப்படித்தான். உலகத்தில் எதிலும் அப்படித்தான். இவளுடையதில் அந்த இடத்தில் மேல் பஞ்சமம் கீச்சென்று நின்றது.

"மிருதுளா, உன்ற நாலாவது தந்தி தப்பு" என்றேன்.

"இல்லீங்கத்தை, அது அப்படித்தானுங்க" என்றாள்.

மாமியாரிடம் இரண்டாம் வாரத்தில் பேசவேண்டிய பேச்சா அது? நான் விடவில்லை. அவளும் விடவில்லை. அதற்கப்புறம் அவள் அதைக் கையில் எடுத்தால் நான் அடுப்படியிலிருந்து "நாலாவது தந்தி!" என்பேன். அவள் படியிலிருந்து "அது அப்படித்தானுங்க!" என்பாள். ஐந்து வருஷம் இதே கச்சேரி.

இப்போது புரிகிறது. பாக்கெட்டில் உள்ளபடியே மாட்டியிருக்கிறாள், பாவம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தடித்ததை நாலாவது இடத்துக்கும், மெலிந்ததை மூன்றாவது இடத்துக்கும் மாற்றி எடுத்துவைத்தேன். வந்து பார்க்கட்டும்.

ஜூன் 6, வெள்ளி

காபி ஆறுவதற்குள் என்று எழுதியிருந்தேன். காபி நேற்றே ஆறிவிட்டது.

அடிப்பக்கத்தில் ஒரு கட்டையில் ஓட்டை இருக்கிறது. அதில் தந்தியை நுழைத்து முடிச்சுப் போட வேண்டும். எனக்கு முடிச்சா தெரியாது? மல்லிகைப்பூ கட்டுகிற கைதானே. பூ முடிச்சுப் போட்டு, தந்தியை முறுக்குகிற பிருடையைத் திருகினேன். நன்றாக ஏறிக்கொண்டே வந்து, திடீரென்று முடிச்சு உருவி, தந்தி பறந்து வந்து என் கண்ணாடியில் சுளீரென்று அடித்தது. கண்ணாடி இல்லாவிட்டால் இதை எழுத எனக்குக் கண் இருந்திருக்காது.

யூடியூபில் ஒரு தாடிக்காரன் காட்டினான். என்ன பேசுகிறான் என்று பாதி புரியவில்லை, கை மட்டும் தெளிவாகப் பேசியது. தந்தியை ஓட்டையில் விட்டு, திருப்பி வளைத்து, தனக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட வேண்டுமாம். நின்றது.

அடுத்து மேல்பக்கம். கழுத்து முடிகிற இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை, அதில் தந்தி உட்கார நாலு சின்னப் பள்ளம். நாலாவது பள்ளத்தில் என் தடித்த தந்தி உட்காரவே இல்லை, மேலேயே துருத்திக்கொண்டு நின்றது. இங்கேயும் தப்பு! பாக்கெட் செய்தவனும் வாத்தியம் செய்தவனும் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். நகம் ராவுகிற அரத்தை எடுத்து அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினேன். கொஞ்சம்தான். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

இப்போது உட்கார்ந்துவிட்டது.

ஜூன் 7, சனி

சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு நாலையும் சேர்த்தேன். போனில் அதற்கென்று ஏதோ இருக்கிறதாம். போனைக் கேட்டுச் சுருதி சேர்க்கிற நிலைமைக்கு நான் இன்னும் வரவில்லை.

நாலாவது, கனமான கீழ்ப் பஞ்சமம். மூன்றாவது ஸட்ஜம் கொஞ்சம் தொளதொள என்று இருக்கிறது, துணி காயப்போடுகிற கொடி மாதிரி. நாலாவதுக்கும் அவ்வளவு விறைப்பு இல்லை. மட்டமான சரக்கு. செட்டாகத்தான் வரும் என்று கடைக்காரர் என் தலையில் கட்டிவிட்டார்.

நாலையும் சேர்த்து ஒரு மீட்டு மீட்டினேன். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஏம்புள்ள, எருமை ஏதாச்சும் உள்ள வந்துருச்சா?"

"காதுல மெஷினு இல்லைன்னுதானே சொன்னீங்க?"

அவர் பேப்பரைப் புரட்டினார்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் எடுத்துப் பார்த்தால் நாலு தந்தியும் இறங்கிக் கிடக்கின்றன. கிட்டத்தட்ட ஒரு ஸ்வரம் இறக்கம். நேற்று நான் சேர்த்தது எனக்குத் தெரியும். வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் திருகவில்லை.

அவரைக் கேட்டேன். "நானா? நான் எதுக்கு அதத் தொடறேன்? என்ற வேலைய நான் பாத்துட்டிருக்கறேன்" என்றார். அவருக்கு என்ன வேலை? தக்காளிச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு வேலையா?

மறுபடியும் சேர்த்தேன்.

பொள்ளாச்சியிலிருந்து நாத்தனார் வசந்தா போன் செய்தாள். "அந்தப் புள்ள இன்னுமா சாமானத்த எடுக்கல? வீட்டுல வெச்சிருக்காதீங்க அண்ணி, புதுச் சம்பந்தம் பேச வர்றவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?"

புதுச் சம்பந்தமா? யாருக்கு? நவநீதனுக்காம். உடுமலையில் ஒரு பெண் இருக்கிறதாம், டப்ளினுக்குப் போகச் சம்மதமாம், பாடவும் செய்யுமாம். அப்படியென்றால் டப்ளினிலேயே போய்ப் பாடட்டும் என்றேன். வசந்தா கோபித்துக்கொண்டு போனை வைத்தாள். பட்டாணிக் குருமா அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

இறங்கிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

மறுபடியும். காலையில் சேர்த்தேன், பத்து மணிக்கு இறங்கியது. சேர்த்தேன், சாப்பிட்டுவிட்டு வந்தால் இறங்கியிருந்தது. அப்போது அவர் வீட்டிலேயே இல்லை, ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.

அப்படியானால் ஒன்றுதான் மிச்சம். என் காது.

பயமாக இருந்தது. அவருக்கு முதலில் இப்படித்தான் ஆரம்பித்தது. டிவி சத்தம் குறைவு என்றார், நான் முணுமுணுக்கிறேன் என்றார், பிறகு மெஷின். எனக்கு வேறு எது போனாலும் பரவாயில்லை. கண் போனால் கண்ணாடி, பல் போனால் செட்டு. காலை அசெம்பிளியில் ஒரு மைதானம் நிறையப் பிள்ளைகள் பாடும்போது அதில் எந்த வரிசையில் எவள் சுருதி விலகினாள் என்று சொல்லுவேன் நான். அது போய்விட்டால் அப்புறம் நான் யார்? கீரை வாங்க மறக்கிற ஒரு பொம்பளை.

மிருதுளா இருந்தால் மாடியிலிருந்து கூப்பிட்டு, "ஏம்மிணி, இதக் கொஞ்சம் பாரு" என்றிருப்பேன். அவள் என் காதில் டார்ச் அடித்துப் பார்த்து, "அழுக்குத்தானுங்கத்தை" என்றிருப்பாள். இப்போது போன் செய்து கேட்டால் கிளினிக்குக்கு வாங்க என்பாள். பேஷண்டாகவா போய் உட்காருவேன்?

எழுதுகிறதென்றால் ஒழுங்காக எழுத வேண்டும். அன்றைக்குத் தூசி தட்டும்போது கொஞ்சம் வாசித்தும் பார்த்தேன். அவள் சுருதி எனக்கு ஒத்துவரவில்லை, என் சுருதிக்கு ஏற்றலாம் என்று முடுக்கினேன். அப்போது அறுந்தது. அன்றைக்கு மட்டும்தான் வாசித்தேன் என்றும் சொல்ல முடியாது. மத்தியானம் அவர் தூங்கிவிடுவார். படியில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வீடு ஒரே அமைதியாக இருக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால் அவளுடைய அந்த ஒரே பாட்டை வாசித்துப் பார்ப்பேன். அவள் தப்பு விடுகிற இடத்தில் எனக்கும் தப்பு வருகிறது.

ஜூன் 12, வியாழன்

காது நன்றாகத்தான் இருக்கிறது!

தாடிக்காரனின் அடுத்த வீடியோ. நைலான் தந்தி புதிதாகப் போட்டால் ஒரு வாரமோ, சில சமயம் இன்னும் அதிகமாகவோ இழுபட்டுக்கொண்டே இருக்குமாம். இறங்க இறங்கச் சேர்க்க வேண்டியது, விரலால் மெல்ல இழுத்துவிட வேண்டியது, மறுபடியும் சேர்க்க வேண்டியது. இரும்புத் தந்தியில் பிழைத்தவளுக்கு இது எப்படித் தெரியும்? அவருக்கு ரவா லாடு செய்து கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன். சந்தேகப்பட்டது தப்பு என்று சொல்கிற வழக்கம் எங்கள் இருவருக்கும் கிடையாது.

சாயங்காலம் நவநீதன் போன் செய்தான். "அம்மா, அவ சாமான் எல்லாத்தையும் இந்த ஞாயித்துக்கெழம குடுத்துருங்க. அதோட முடிஞ்சது. ரெண்டு பக்கமும் ஒரு நிம்மதி."

"எந்த ரெண்டு பக்கம்?" என்று கேட்டேன்.

"எனக்கும் அவளுக்கும்."

எங்கள் வீட்டில் நாலு பக்கம் இருந்தது. அவன் இரண்டைத்தான் எண்ணினான். அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

சந்தகைக்கு, அதாவது சேவைக்கு, அரிசி ஊறப் போட்டேன். மிருதுளாவுக்குச் சந்தகை என்றால் உயிர். தேங்காய்ப் பால் ஊற்றினால் தட்டை வழித்துவிடுவாள். அவள் போனதிலிருந்து செய்யவில்லை. சந்தகை பிழிகிற எங்கள் மெஷின் பழைய மூன்று கால் இரும்பு. ஒருவர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒருவர் சுற்ற வேண்டும். அவருக்குத் தோள்பட்டை வலி.

புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன். மிக்ஸியைத் துடைத்து வைத்தேன். யுகுலேலே இன்னும் இறங்குகிறது, ஆனால் கொஞ்சமாக. மூன்றாவது தந்தி கொரகொர என்கிறது.

நாளைக்கு அவள் இதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் இந்த வீட்டுக்கு வர அவளுக்கு ஒரு காரணமும் கிடையாது. சும்மா வா என்று நான் எப்படிக் கூப்பிடுவது? எந்த உரிமையில்? என் பிள்ளை வேண்டாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தவளை, என்னைப் பார்க்க வா என்று கூப்பிட்டால் வசந்தா மட்டுமா சிரிப்பாள்? மிருதுளாவும் பாவம், மரியாதைக்கு இரண்டு தடவை வருவாள், மூன்றாவது தடவை வேலை இருக்கிறது என்பாள். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

இதைத்தான் பத்து நாளாகத் தந்தி, முடிச்சு, பள்ளம் என்று சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஒன்பது மணிக்கு வந்தாள். இளைத்திருக்கிறாள். முடியைக் கத்தரித்திருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது, நான் சொல்லவில்லை. நேராக அவரிடம் போய்க் காது மெஷினைக் கழற்றி, துடைத்து, பேட்டரி மாற்றி மாட்டிவிட்டாள். "தெனமும் போடறீங்களா மாமா?"

"எப்பவும் போட்டுட்டேதான் இருக்கறேன் கண்ணு" என்றார் அந்த மகா உத்தமர்.

பிறகு யுகுலேலே உறையைத் திறந்தாள். எனக்கு அடுப்படியில் அவசர வேலை வந்துவிட்டது. ஒரு மீட்டு கேட்டது. எருமை. பிறகு ஒரு சிரிப்பு ஆரம்பித்தது பாருங்கள், நான் எட்டிப் பார்த்தபோது அவள் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதிரிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"அத்தை! நாலாவது தந்திய என்னங்க பண்ணுனீங்க?"

"தப்பா இருந்துச்சு. சரி பண்ணுனேன்."

"பாக்கெட்டுல நம்பர் இருக்குமில்லீங்க?"

"பாக்கெட்டும் தப்பு."

அவள் மறுபடியும் சிரித்தாள். பிறகு அந்த வெள்ளைப் பட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இத எதுலீங்க ராவுனீங்க?"

"நகம் ராவறதுல."

நான் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சமாத்தான் ராவுனேன்" என்றேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என் முன்னால் நின்ற மாதிரி நான் நின்றேன். அவள் எழுந்து போய்ச் சுவரில் இருந்த நாள் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, ஒரு ஓரத்தை எடுத்துச் சின்னதாக மடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தாள். பிறகு மூன்றையும் நாலையும் கழற்றி இடம் மாற்றிக் கட்டினாள். கை வேகம் அந்தத் தாடிக்காரனைவிட ஜாஸ்தி.

"இதுல நாலாவது தந்தி ஒசரத்துலதான் நிக்கோணுமுங்கத்தை. மேலயிருந்து கீழ, கீழயிருந்து மேலன்னு கை போகறப்ப ரெண்டு பக்கமும் மெலிசு சத்தம் வருதில்லீங்க, அதுதான் இதோட அழகே. தடிச்சதா கீழ்ப் பஞ்சமம் வெக்கறவங்களும் இருக்காங்க. அதுக்குத் தனித் தந்தி விக்குதுங்க."

"அப்ப நான் சொன்னது பாதி சரி" என்றேன்.

"பாதி சரிங்க" என்றாள்.

வாசித்தாள். அதே பாட்டு. நாலாவது தந்தி நடுவில் மேலே போய் மினுக்கென்று நின்றது. நாலு மாதமாக நானும் இதே பாட்டை மத்தியானத்தில் வாசித்திருக்கிறேன், ஆனால் அந்தத் தந்தியைக் கேட்டதே இல்லை. குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்டிருக்கிறேன். அழகாக இருந்தது. இதையும் சொல்லவில்லை. அதே இடத்தில் தப்பு விட்டாள். நானும் அவரும் ஒரே சமயத்தில் "ஆங்" என்றோம்.

பிறகு சந்தகை. நான் மெஷினை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவள் சுற்றினாள். டப்ளினைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்று தட்டு சாப்பிட்டாள்.

புத்தகமும் மிக்ஸியும் ஆட்டோவில் ஏறின. யுகுலேலேயைக் கையில் எடுத்தாள். அவள் பிருடையை ஒரு திருகு திருகி, கேட்டு, மறுபடியும் திருகினாள்.

"தந்திய மாத்திக் கட்டுனதுல மறுபடியும் எறங்குதுங்கத்தை. என்ற வீட்டுல பகல்ல ஆள் இல்ல, சேத்துறதுக்கு. இங்கயே இருக்கட்டுங்களா? நீங்க தெனமும் சேத்து வெய்யிங்க. அடுத்த ஞாயிறு வந்து பாக்கறேன். சுருதி நின்னுடுச்சுன்னா எடுத்துக்கறேன்."

"செரி" என்றேன். சுருக்கமாகச் சொன்னேன். அதிகம் பேசினால் குரல் சுருதியில் நிற்காது போலிருந்தது.

ஜூன் 16, திங்கள்

இறங்கியது. தானாகத்தான்.

ஜூன் 21, சனி

தாடிக்காரன் சொன்னது சரி. இன்றைக்குக் காலையிலிருந்து நாலும் அப்படியே நிற்கின்றன. சாயங்காலம் வரைக்கும் நின்றன. அசைவே இல்லை. என்ன பிடிவாதம்.

ஜூன் 22, ஞாயிறு

மிருதுளா வந்து எடுத்துப் பார்த்தாள். இரண்டாவது தந்தி நன்றாகவே இறங்கியிருந்தது. நைலானை நம்ப முடியாது.

சேர்த்துவிட்டு, நாலையும் இழுத்து இழுத்துவிட்டாள். "இனி எறங்காதுன்னு நெனைக்கறனுங்கத்தை" என்றாள். சொல்லும்போது அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

அரிசியும் பருப்பும் சாதம், கத்தரிக்காய்ப் பொரியல். என் காதில் டார்ச் அடித்துப் பார்த்தாள். அழுக்குத்தானாம்.

ஜூன் 29, ஞாயிறு

நாலாவது தந்தி இறங்கியிருந்தது.

அவள் தந்தியைப் பார்த்தாள். பிருடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"மழைக்காலமுங்கத்தை" என்றாள். "ஈரத்துக்கு அப்படித்தான் எறங்கும்."

"ஆமா, ஈரம்" என்றேன்.

"ஆகஸ்டு வரைக்கும் இந்த ஈரம் இருக்குமுங்க."

"செப்டம்பர்லயும் சில வருஷம் தூறும்" என்றேன்.

போகும்போது குடையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

ஜூலை 5, சனி

வசந்தா போன் செய்தாள். உடுமலைப் பெண் வீட்டார் கேட்கிறார்களாம், பழைய சாமான் எல்லாம் போய்விட்டதா என்று. ஒன்றே ஒன்று ரிப்பேரில் இருக்கிறது என்றேன். எப்போது சரியாகும் என்று கேட்டாள். தந்தி வாத்தியம், சொல்ல முடியாது என்றேன்.

சாயங்காலம் அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். காது மெஷின் மேஜைமேல் கிடந்தது போலத்தான் தெரிந்தது. அது கண்ணாடிக் கூடு என்று பிறகுதான் பார்த்தேன். நான் யுகுலேலேயை எடுத்துத் தூசி தட்டினேன். தட்டும்போது கை பட்டு ஒரு பிருடை திரும்பியது. பிறகு இன்னொன்று. அது க்ரீச் என்று சின்னதாகச் சத்தம் போடும். எண்ணெய் போட வேண்டும். மூன்றாவது. நாலாவது.

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்:

"கோகிலா, ஒண்ண மட்டும் எறக்கு போதும். நாலையும் எறக்குனா அந்தப் புள்ளைக்கே ஒரு மாதிரி இருக்குமில்ல."

மூன்று தந்தியைத் திரும்ப ஏற்றி வைத்தேன். சந்தகைக்கு அரிசி ஊறப் போட்டாயிற்று.